பத்து ரூபா, ஒரு பழைய புடவை, அப்புறம் 42 நாள்

"மூவலூர்னா ஏதோ பேங்க் பேருன்னு நெனச்சேன் மேடம்."

முதல் ஷோ முடிஞ்சு கேள்வி நேரத்துல ரெண்டாம் வருஷம் பி.காம் படிக்கிற ஒரு பொண்ணு எழுந்து சொன்னது இது. ஹாலே சிரிச்சுது. அவ சிரிக்கல. மாசாமாசம் அவ அக்கவுண்ட்ல ஆயிரம் ரூபா ஏறுது, போன்ல மெசேஜ் வருது, எல்லாரும் புதுமைப் பெண் திட்டம்னுதான் சொல்றோம், முழுப்பேரு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர்ல இந்த ரூபத்துக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1989-ல இருந்து அதே பேர்ல கல்யாண உதவித் திட்டமா ஓடுச்சு, எங்க சொந்தத்துலயே ரெண்டு பொண்ணுங்களுக்கு வாங்கியிருக்கோம். முப்பது வருஷத்துக்கு மேல அந்தப் பேரு ரேஷன் கார்டு ஜெராக்ஸோட சேந்து ஃபைல்ல கிடக்கு, ஆளு யாருன்னு கேட்டா முழிக்கிறோம்.

அந்த ஆள மேடைக்குக் கொண்டு வர நாங்க மூணு பேரு பண்ண முயற்சியப் பத்தி எழுதச் சொல்லி ரொம்ப நாளா சிலர் கேட்டுட்டு இருக்காங்க. நான் ஸ்கிரிப்ட், அக்கா ஒருத்தங்க நடிப்பு, தம்பி ஒருத்தன் லைட்டு, மைக்கு, வேன் புக்கிங்கு, டீ வாங்கிட்டு வர்றது எல்லாமே. நாலு மாசத்துல மூணு ஷோ. முதல் ஷோ நல்லா கைதட்டல் வாங்கி ஃபெயில் ஆச்சு, ரெண்டாவது பாதியில நின்னுச்சு, மூணாவது ஒரு வழியா உருப்பட்டுச்சு. என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்றேன், நடுவுல எங்கயாவது இழுத்தா பொறுத்துக்கோங்க.

ஏன் இவங்க

லிஸ்ட்ல நெறைய பேரு இருந்தாங்க. முழுக்க பெண்களையே வெச்சு நாடகக் கம்பெனி நடத்துன கும்பகோணம் பாலாமணி மேல எனக்கு ஆசை, அக்காவுக்கு முத்துலட்சுமி ரெட்டி. ஆனா முத்துலட்சுமி ரெட்டிய நாம அவ்வளவா மறக்கல. 1912-ல டாக்டர் ஆனது, 1926-ல சட்டசபைக்குள்ள போனது, அவ்வை இல்லம், அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி எல்லாம் பாடப்புத்தகத்துலயே வருது. இராமாமிர்தம் அம்மையார் கேஸ் வேற மாதிரி. பேரு ஃபேமஸ், ஆளு காணோம். இப்படி ஒரு மறதிய நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

தெரிஞ்ச வரைக்கும் சுருக்கமா சொல்லிடுறேன். பொறந்தது 1883, வளந்தது மாயவரம் பக்கத்துல மூவலூர். அஞ்சு வயசுல பெத்த அம்மாவே வறுமை தாங்காம பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தேவதாசி வீட்டுல குடுத்துட்டாங்கன்னு வரலாற்றுக் குறிப்புங்க சொல்லுது. வளந்து ஆளானதும் கோயிலுக்கு நேந்து விடுற அந்த வாழ்க்கைய மறுத்து, தனக்கு பாட்டு சொல்லிக் குடுத்த சுயம்புப் பிள்ளையையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. காங்கிரஸ்ல இருந்தாங்க, அப்புறம் சுயமரியாதை இயக்கம். 1936-ல தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்னு ஒரு நாவல். 1938-ல ஆகஸ்ட் 1-ந்தேதி திருச்சியில கெளம்புன இந்தி எதிர்ப்புப் படையோட மெட்ராஸ் வரைக்கும் 42 நாள் நடந்தாங்க, அப்ப வயசு 55. அதே வருஷம் நவம்பர்ல மறியல், ஆறு வாரம் ஜெயில். 1947-ல பொட்டுக்கட்டு, அதாவது பொண்ணுங்கள கோயிலுக்கு நேந்து விடுற முறை, அதோட ஒழிப்புச் சட்டம் வந்தப்ப உயிரோட இருந்து பாத்தாங்க. 1949-ல அண்ணாவோட பக்கம் போனாங்க. 1962-ல இறந்தாங்க.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு, சொல்லாம போனா எனக்கு ஆறாது. தாலியே தேவையில்லன்னு ஊர் ஊரா கல்யாணம் பண்ணி வெச்ச இயக்கத்துல இருந்தவங்க பேர்லதான் 2011-க்கு அப்புறம் தாலிக்குத் தங்கம் குடுத்தாங்க, மொதல்ல 4 கிராம், அப்புறம் 8. குடுத்தது தப்புன்னு சொல்ல வரல, எத்தனையோ வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனா அந்தம்மா இத பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு சிரிப்பு அடக்க முடியாது.

"நான்"னு சொன்னா என்ன ஆகுது

முதல் ரிகர்சல்ல நான் எழுதுனது கட்டுரை மாதிரி இருந்துச்சு. "அவர் 1883-ல் பிறந்தார்." அக்கா படிக்கப் படிக்க தம்பி கொட்டாவி விட்டான். அப்புறம் அக்காவே பேப்பர கீழ வெச்சுட்டு, "என்னைய பத்து ரூபாய்க்குக் குடுத்தாங்க"ன்னு சாதாரணமா, காய்கறி விலை சொல்ற மாதிரி ஒரு வரி சொன்னாங்க. தம்பி நிமிந்து உக்காந்தான். எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு. "அவர்"க்கும் "நான்"க்கும் நடுவுல இருக்குற தூரம் அவ்வளவுதான், ஆனா அந்தத் தூரத்துலதான் எல்லா வம்பும் இருக்குன்னு அப்ப எங்களுக்குத் தெரியல.

வேஷம் கட்டுறது நமக்கு புதுசும் இல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனியில மீசை மொளைக்காத பசங்க ஸ்திரீபார்ட், அதாவது பொம்பளை வேஷம், போட்டாங்க, டி.கே. சண்முகம் அவ்வையாரா வேஷம் போட்டே அவ்வை சண்முகம்னு பேரு வாங்கிட்டாரு, அந்தப் பக்கம் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாரா நடிச்சாங்க. ஆனா அதெல்லாம் புராணம், பக்தி, கதை. நேத்து வரைக்கும் உயிரோட இருந்த, பேத்தி வயசுல இன்னைக்கும் ஆளுங்க இருக்குற ஒருத்தங்கள "நான்"னு சொல்லி எடுத்துக்கும்போது கதையே வேற.

முதல் ஷோ

ஒரு மகளிர் கல்லூரி, மார்ச் 8 ப்ரோக்ராம். 38 நிமிஷம். மேடையில ஒரே பொருள், அக்காவோட பாட்டியோட பழைய சுங்கடிப் புடவை, பார்டர் நஞ்சு போயிருக்கும். அதுதான் விலையா குடுத்த புடவை, அதுவே அப்புறம் கொடி, அப்புறம் ஜெயில் கம்பளி, இப்படி மாறிட்டே வரும். அந்த ஐடியா இன்னைக்கும் எனக்குப் புடிக்கும். 1923 காக்கிநாடா காங்கிரஸ்ல கொடிக்குத் தடை போட்டப்ப அம்மையார் கொடிகளையே புடவையா கட்டிட்டுப் போனாங்கன்னு ஒரு செய்தி உண்டு, அந்த எடத்துல அதே பழைய புடவைய அக்கா ஒதறிக் கட்டும்போது விசில் பறந்துச்சு.

பிரச்சனை அந்தக் குழந்தை சீன்ல. நான் எழுதி வெச்சிருந்தது இப்படி: அம்மா காச வாங்கிட்டு வாசல் வரைக்கும் போறாங்க, திரும்புறாங்க, ஓடி வந்து கட்டிப்புடிக்கிறாங்க, குழந்தை முந்தானைய விட மாட்டேங்குது. அக்கா அத நடிச்சப்ப முன்வரிசையில புரொபசர்கள் எல்லாம் கண்ணத் தொடச்சாங்க. முடிஞ்சதும் எழுந்து நின்னு கைதட்டுனாங்க. பி.காம் பொண்ணு பேங்க் பேருன்னு சொல்லி சிரிக்க வெச்சா. அதுக்கு அடுத்து ஒரு பொண்ணு, கண்ணாடி போட்ட பொண்ணு, மைக்க வாங்கி மெதுவா கேட்டா: "அவங்க அம்மா நெஜமாவே திரும்பி வந்து கட்டிப்புடிச்சாங்களா?"

அக்கா என்னைப் பாத்தாங்க. நான் தரையப் பாத்தேன்.

திரும்பி வந்ததும் கட்டிப்புடிச்சதும் முந்தானையும் எல்லாம் நான் கட்டுனது. ஒரு துளி ஆதாரம் கிடையாது. பத்து ரூபாயும் பழைய புடவையும் மட்டும்தான் குறிப்புல இருக்கு. "அப்படி நடந்திருக்கலாம்"னு ஏதோ சமாளிச்சோம், அந்தப் பொண்ணு தலையாட்டிட்டு உக்காந்துட்டா, ஆனா நம்பலன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. அவ அந்த ஒண்ண நம்பலன்னா 42 நாள் நடந்ததையும் நம்ப மாட்டா, ஏன் நம்பணும்?

வேன்ல வரும்போது யாரும் பேசல. வீட்டுக்கு வந்து மொபைல்ல எடுத்த வீடியோவ போட்டு நேரம் குறிச்சேன். 38 நிமிஷத்துல அஞ்சு வயசுக் குழந்தைக்கு 17 நிமிஷம். நாவலுக்கு 4. 1938 நடைக்கும் ஜெயிலுக்கும் சேத்து 6. ஒரு மனுஷி 79 வயசு வரைக்கும் வாழ்ந்து, எழுதி, மேடை மேடையா சண்டை போட்டு இருக்காங்க, நான் அவங்கள அஞ்சு வயசுலயே நிறுத்தி வெச்சு அழ வெச்சுட்டு இருந்திருக்கேன். இத கண்டுபுடிக்க எனக்கு ஸ்டாப்வாட்ச் தேவைப்பட்டுச்சுன்னு நெனச்சா வெக்கமாத்தான் இருக்கு.

ரெண்டாவது ஷோ, பாதியோட

டெல்டா பக்கம் ஒரு ஊரு, நூலகத்துக்குப் பின்னாடி இருக்குற காலி எடம், சாயந்தரம் ஆறரை. பேரு சொல்ல மாட்டேன். குழந்தை சீன 5 நிமிஷமா வெட்டியிருந்தோம், நாவல் பகுதிய நீட்டியிருந்தோம். போஸ்டர்ல பெரிய எழுத்துல "தாசி"ன்னு வார்த்தை வர்ற மாதிரி தலைப்பு வெச்சிருந்தேன், நாவல் தலைப்புலயே அது இருக்கே, அந்தம்மாவே எழுதுனதுதானேன்னு ஒரு தெனாவெட்டு.

ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அம்பது வயசு இருக்கும், ஒருத்தங்க அக்காவ தனியா கூப்பிட்டு பேசுனாங்க. சத்தமே போடல. "உங்களுக்கு இது நாடகம்மா. என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம். அந்த போஸ்டர் எங்க தெரு முனையில ஒட்டியிருக்கு." அவ்வளவுதான். அக்கா வந்து என்கிட்ட சொன்னப்ப எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல, தம்பி ஓடிப்போய் போஸ்டர கிழிச்சுட்டு வந்தான், ஆனா ஒட்டுனது ஒட்டுனதுதான், ரெண்டு நாளா ஊரே பாத்துடுச்சு.

அதோட விடல. நாவல் பகுதி ஓடிட்டு இருக்கும்போது பெரியவர் ஒருத்தர் எழுந்து, "எங்க ஊருப்பக்கம் அப்படியெல்லாம் எதுவும் கெடையாது, யாரும்மா நீ"ன்னு கேட்டாரு. அக்கா அப்ப இராமாமிர்தமா நின்னுட்டு இருக்காங்க. இராமாமிர்தமா பதில் சொன்னா பெரியவர போட்டுத் தாக்கணும், அந்தம்மா சும்மா விட்டிருக்க மாட்டாங்க. தானா பதில் சொன்னா வேஷம் உடைஞ்சிடும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அப்படியே நின்னாங்க, ஒரு பத்து செகண்டு இருக்கும், மேடையில பத்து செகண்டுங்கறது ஒரு யுகம். நாங்களே நிறுத்திட்டோம். டீ குடுத்து, மன்னிப்பு கேட்டு, கெளம்பிட்டோம்.

அந்த அம்பது வயசு அம்மா கெளம்புறப்ப திரும்ப வந்தாங்க. அக்காகிட்டதான் சொன்னாங்க. "எங்க பாட்டி நல்லா பாடுவாங்களாம். ஒழிச்சது நல்லதுதான், அத நான் குறை சொல்லல. ஆனா பாடுனத யாரும் ஒரு வார்த்தை கேக்கறதே இல்ல."

இந்த ஒரு வரிதான் எங்க ஸ்கிரிப்ட ரெண்டா ஒடச்சுது.

எதிர்ப்பக்கம் இருந்த இன்னொருத்தங்க

பொட்டுக்கட்டு முறைய ஒழிக்கணும்னு அதே சமூகத்துக்குள்ள இருந்து இராமாமிர்தம் குரல் குடுத்தாங்க. ஒழிப்புச் சட்டத்த அதே சமூகத்துக்குள்ள இருந்தே எதிர்த்தவங்களும் இருந்தாங்க, அதுல முன்னாடி நின்னவங்க பெங்களூரு நாகரத்தினம்மா. 1878-ல நஞ்சன்கூடுல பொறந்தவங்க, பெரிய பாடகி, தெலுங்கும் சமஸ்கிருதமும் கரைச்சுக் குடிச்சவங்க. திருவையாறுல தியாகராஜர் சமாதி கவனிப்பாரில்லாம கிடக்குதுன்னு தெரிஞ்சு, சேத்து வெச்ச பணத்தையும் நகையையும் போட்டு கோயில் கட்டி 1925-ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. ஆனா அங்க நடக்குற ஆராதனையில பொம்பளைங்க உக்காந்து பாட முடியாது. கட்டுனவங்களே பாட முடியாது! அதனால பெண்கள் கட்சின்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சு, அவங்க பாட்டுக்கு தனியா ஆராதனை நடத்துனாங்க, 1940 வாக்குலதான் தனித்தனியா ஆராதனை நடத்துன எல்லாக் கட்சியும் ஒண்ணா சேந்துச்சு. இன்னைக்கு பஞ்சரத்தினம் பாடும்போது ஆம்பளையும் பொம்பளையும் சேந்து உக்காந்து பாடுறத டிவியில பாக்குறோமே, அதுக்குப் பின்னாடி இந்தம்மா இருக்காங்க.

இத விட எனக்கு முக்கியமா பட்டது 1910-ல அவங்க பண்ண வேலை. பதினெட்டாம் நூற்றாண்டுல தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில முத்துப்பழனின்னு ஒரு கவிஞர் இருந்தாங்க, அவங்களும் தேவதாசி, ராதிகா சாந்தவனம்னு தெலுங்குல ஒரு காவியம் எழுதியிருந்தாங்க. கிருஷ்ணன் ராதைய சமாதானப்படுத்துற கதை, சிருங்காரம் தூக்கலா இருக்கும். பெரிய சீர்திருத்தவாதின்னு பேரு வாங்குன கந்துகூரி வீரேசலிங்கம் இது ஒரு பொம்பளை எழுதுற எழுத்தான்னு காறித் துப்பாத குறையா எழுதியிருந்தாரு. நாகரத்தினம்மா ஓலைச்சுவடிய தேடிப்புடிச்சு முழுப் புத்தகத்தையும் பதிப்பிச்சு, முன்னுரையில அவருக்குத் திருப்பிக் குடுத்தாங்க. வெக்கம் பொம்பளைக்கு மட்டும்தான் சொந்தமா, ஆம்பளைக் கவிஞர்கள் எழுதுனா அது இலக்கியமா, இதுதான் அவங்க கேட்டதோட சாரம். உடனே ஆபாசம்னு புகார் கெளம்பி வெள்ளைக்கார அரசாங்கம் புத்தகத்துக்குத் தடை போட்டுச்சு. தடைய எடுத்தது 1947-ல, மெட்ராஸ் மாகாண முதல்வரா இருந்த பிரகாசம் ஆட்சியில.

இந்த எடத்த படிச்சுட்டு இருக்கும்போது நான் பேனாவ கீழ வெச்சுட்டேன். 1947. அதே வருஷம்தான் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டமும் வருது. நாகரத்தினம்மாவுக்கு புத்தகம் திரும்பக் கெடச்ச வருஷமும், அவங்க எதிர்த்த சட்டம் வந்த வருஷமும் ஒண்ணு. இராமாமிர்தத்துக்கு ஜெயிச்ச வருஷமும் அதேதான். ஒரே வருஷத்துல ஒரே மெட்ராஸ் மாகாணத்துல ரெண்டு கெழவிங்க, ஒருத்தங்களுக்கு 64, இன்னொருத்தங்களுக்கு 69. நாடகம் வேணும்னா இதுக்கு மேல என்ன வேணும், நான் போய் முந்தானைய புடிச்சு அழுதுட்டு இருந்திருக்கேன்.

ஒரே அக்கா, ரெண்டு பேரு

ஆள் சேக்க காசு இல்ல, அதனால அக்காவே ரெண்டு பேரையும் பண்ணாங்க, பின்னாடி யோசிச்சா அதுவே நல்லதாப் போச்சு. ஒரே மூஞ்சி ரெண்டு கட்சிக்கும் பேசும்போது ஆடியன்ஸ் சுலபமா வில்லிய தேட முடியல. உடம்ப வெச்சுப் பிரிச்சோம்: இராமாமிர்தம் உக்காரவே மாட்டாங்க, முழுக்க நின்னுட்டோ நடந்துட்டோதான் பேசுவாங்க. நாகரத்தினம்மா எழுந்திருக்கவே மாட்டாங்க, கச்சேரியில உக்காந்த மாதிரி சம்மணம், தொடையில தாளம். அக்காவுக்குப் பாட்டு வராது. ரெக்கார்டு போட்டு வாயசைக்கலாம்னு தம்பி சொன்னான், அக்கா ஒத்துக்கல. பாட்டே இல்லாம தாளம் மட்டும் போட்டாங்க, சத்தமே இல்லாத ஹால்ல அந்தக் கை தட்டுற சத்தம் மட்டும், பாட்டு மனசுக்குள்ள கேக்குற மாதிரி இருந்துச்சு.

பாஷை இன்னொரு தலைவலி. நாகரத்தினம்மா கன்னட மண்ணுல பொறந்தவங்க, படிச்சது தெலுங்கு. தமிழ் பேசும்போது எந்த வாடை அடிச்சிருக்கும்? கன்னட வாடை போட்டுப் பாத்தோம், முதல் வரியிலயே தம்பி சிரிச்சுட்டான், ஏன்னா நமக்கு அந்த வாடைய சினிமா காமெடியா பழக்கி வெச்சிருக்கு. தூக்கிட்டோம். வாடையே இல்லாம, கொஞ்சம் நிதானமா, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைக்கிற மாதிரி பேசுனாங்க. இராமாமிர்தத்துக்கு நாவல்ல வர்ற நக்கல் இருக்கே, மைனர்கள அவங்க போட்டு வாங்குற வாங்கு, அந்தத் தொனிய புடிச்சுக்கிட்டோம். அழுகைய விட நக்கல் ரொம்ப கஷ்டம்னு அக்கா சொன்னாங்க. நாலு வாரம் ஆச்சு.

ரெண்டு பேரையும் நேருக்கு நேர் சண்டை போட வைக்கல. வெச்சிருந்தா செம சீனா இருந்திருக்கும், அதனாலதான் வைக்கல. ஆளுக்கு ஒரு மூலை, ஆடியன்ஸப் பாத்து அவங்கவங்க கட்சிய சொல்வாங்க, அவ்வளவுதான்.

கட்டியக்காரன் வந்த கதை

அந்தப் பெரியவர் கேட்டாரே "யாரும்மா நீ"ன்னு, அந்தக் கேள்விக்கு எங்க கூத்துல எப்பவோ பதில் வெச்சிருக்காங்க. தெருக்கூத்துல வேஷக்காரர் திரைக்குப் பின்னாடி நின்னு பாடி வரும்போது கட்டியக்காரன் முன்னாடி நின்னு யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்கன்னு கேப்பான். துரியோதனனா இருந்தாலும் பதில் சொல்லித்தான் உள்ள வரணும். அவன் கதைக்குள்ளயும் இருப்பான், வெளிய ஆடியன்ஸ் பக்கத்துலயும் இருப்பான், ராஜாவ கிண்டலும் பண்ணுவான். ஆடியன்ஸ் மனசுல வர்ற சந்தேகத்த மொதல்ல கேக்குறவன் அவன்தான்.

தம்பிய கட்டியக்காரனா ஆக்கினோம். அவனுக்கு ஒரே வேலை: அம்மா பேசப் பேச, எது அவங்க எழுதுனது, எது மத்தவங்க சொன்னது, எது நாங்க கட்டுனதுன்னு ஆடியன்ஸுக்கு காட்டணும். முதல்ல துண்ட வெச்சு பண்ணோம். துண்டு தோள்ல இருந்தா ஆதாரம் இருக்கு, இடுப்புல கட்டுனா நாங்க கற்பனை பண்ணது. ரிகர்சல் பாக்க வந்த ஒரு அண்ணன் முடிச்சதும் கேட்டாரு, "தம்பி, தோள்ல இருக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டுறதுன்னா எங்க தாத்தாவுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" தெரியும். மூணு பேருக்குமே தெரியும், ஆனா யாருக்கும் தோணல. சாதி பத்தி பேசுற நாடகத்துல ஒரு மணி நேரம் அந்த சைகைய செஞ்சுட்டு இருந்திருக்கோம். அன்னைக்கே துண்ட தூக்கிட்டு சைக்கிள் பெல் ஒண்ணு வாங்கினான். கற்பனை வந்தா டிரிங். அவ்வளவுதான்.

பெல்லால ஸ்கிரிப்டும் மாறுச்சு. நான் கட்டுன வரி ஒவ்வொண்ணுக்கும் டிரிங் வரும்னு தெரிஞ்சதும் கட்டுறது தானா கொறஞ்சுடுச்சு. குழந்தை சீன் கடைசியில ரெண்டே வரி ஆச்சு, "என்னைய பத்து ரூபாய்க்குக் குடுத்தாங்க. கூட ஒரு பழைய புடவை." முதல் ரிகர்சல்ல அக்கா சொன்ன அதே வரி. பெல் இல்ல.

மூணாவது ஷோ

இந்த தடவை முன்னாடியே போய் உக்காந்து பேசினோம். போஸ்டர்ல அந்த வார்த்தை கிடையாது, எந்தத் தெரு பேரும் எந்தக் குடும்பப் பேரும் மேடையில வராது, ஸ்கிரிப்ட ஊர்ல நாலு பேரு, அதுல ரெண்டு பேராவது பொம்பளைங்க, முன்னாடியே படிச்சுப் பாக்கணும். ஒருத்தங்க ஒரு வரிய எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம். அது நல்ல வரிதான், ஆனா அவங்க ஊரு.

55 நிமிஷம் ஓடுச்சு. நாகரத்தினம்மா முன்னுரைப் பகுதியில எதிர்பாக்காத அமைதி. 1947 வந்தப்ப அக்கா நின்னுட்டு ரெண்டு வரி, உக்காந்து ரெண்டு வரி, மறுபடி நின்னு, மறுபடி உக்காந்து, கால் வலிச்சிருக்கும், ஆனா ஹாலே மூச்சு விடல.

கேள்வி நேரம் வேஷத்தோடயே. ஒரு பையன் நாகரத்தினம்மாகிட்ட கேட்டான்: "நீங்க எதிர்த்ததால எத்தன பொண்ணுங்க கூடுதலா மாட்டியிருப்பாங்க?" கூர்மையான கேள்வி. அக்காவுக்கு சுருக்குன்னு ஏறிடுச்சு. "நான் யாரையும் மாட்டி விடல தம்பி, என் பொழப்பையும் என் பாட்டையும் ஒண்ணா சேத்துக் குப்பையில போடாதீங்கன்னுதான் சொன்னேன்"னாங்க. அருமையான பதில், கைதட்டக் கூட ஆரம்பிச்சுட்டாங்க.

டிரிங்.

தம்பி ரொம்ப சாதாரணமா சொன்னான், "இது அம்மா சொல்லல. இப்ப அக்கா சொன்னது." சிரிப்பு. அக்கா மொறச்சாங்க, அப்புறம் அவங்களே சிரிச்சுட்டு, நகைய கழட்டி வெச்சுட்டு மேடை ஓரத்துல கால தொங்கப்போட்டு உக்காந்தாங்க. தேவதாசிகள் சங்கம் 1927-ல சர்க்காருக்கு அனுப்புன மனுவுல என்ன கேட்டாங்க, படிப்பு வேணும்னு கேட்டது, எங்கள விபச்சாரத்தோட ஒண்ணா போடாதீங்கன்னு கேட்டது, அந்தப் பக்கம் அஞ்சு வயசுல வித்த குழந்தைங்க யாரும் மனு போட முடியாதுங்கறது, எல்லாத்தையும் அக்காவா, தன்னோட பேச்சுலயே சொன்னாங்க. பையன் விடல, திருப்பிக் கேட்டான். பின்னாடி வரிசையில ஒரு பாட்டி அவனுக்கு பதில் சொன்னாங்க. இருபது நிமிஷம் போச்சு, நாடகத்த விட அதுதான் நல்லா இருந்துச்சுன்னு எனக்கே தோணுது, எழுதுனவளா சொல்றதுக்கு கஷ்டமா இருந்தாலும்.

அப்புறம் என்ன

மூணாவது ஷோவுக்கு அப்புறம் நாலு எடத்துல இருந்து கூப்பிட்டாங்க. எல்லாருமே நல்லவங்க, எல்லாருக்கும் ஒரு சின்ன ரிக்வெஸ்ட். ஒருத்தருக்கு 1938 வேண்டாம், இந்தி மேட்டர் வந்தா பொலிட்டிக்கலா ஆயிடுமாம். இன்னொருத்தருக்கு 1938 இருக்கட்டும், 1949 வேண்டாம், பெரியார விட்டுட்டுப் போனத எதுக்கு கெளர்றீங்கன்னாரு. மூணாவது எடத்துல நாகரத்தினம்மா எதிர்த்தது மட்டும் வேண்டாம், சமாதி கட்டுனது போதும், பக்தியா இருக்கும். நாலாவது ஒரு ஸ்கூல், அங்க முத்துப்பழனி கூடவே கூடாது.

அக்கா ஒரு நாள் இந்த நாலு பேரு கேட்டதையும் ஸ்கிரிப்ட்ல பென்சிலால அடிச்சுப் பாத்தாங்க. மிச்சம் இருந்தது என்ன தெரியுமா? பத்து ரூபா, ஒரு பழைய புடவை. அந்தக் குழந்தை மட்டும். அந்தக் குழந்தைய யாருமே வேண்டாம்னு சொல்லல. அத இன்னும் கொஞ்சம் நீட்டுங்க, நல்லா டச்சிங்கா இருக்குன்னுதான் சொல்றாங்க. அந்தம்மா என்ன நெனச்சாங்க, யாரோட சண்டை போட்டாங்க, எதுக்காக வெளிய வந்தாங்கன்னு சொல்லப் போனாதான் யாராவது ஒருத்தருக்கு சங்கடம் ஆகுது.

போன வாரம் அதுல ஒருத்தர் போன் பண்ணி, "புடவை சீன் மட்டும் ஒரு கால் மணி நேரம் போட முடியுமா, பசங்க அதுக்கு மேல உக்கார மாட்டாங்க"ன்னு கேட்டாரு. அக்கா போன்ல ஒண்ணும் சொல்லல. ராத்திரி வாட்ஸப்ல ஒரே வரி அனுப்பியிருக்காங்க: "சார், அவங்க 42 நாள் நடந்தாங்க, அதுக்கு எத்தன நிமிஷம் தருவீங்க?"

ப்ளூ டிக் உடனே விழுந்துச்சு, பதில் அடுத்த நாள் மத்தியானம்தான் வந்துச்சு. பன்னண்டு நிமிஷம் தர்றாராம். சரின்னுட்டோம். ஆனா கால் வலிக்குது, ஸ்டேஜ் சின்னது, 42 நாள பன்னண்டு நிமிஷத்துல எப்படி நடக்குறதுன்னு தெரியல, தம்பி ஹால் வாசல்ல இருந்தே நடந்து வரலாம்னு சொல்றான். ஞாயித்துக்கிழமை ரிகர்சல்.